அவர் காதோடு போன மந்திரம்

“அம்மா, இவருக்கு ரொம்பப் பழக்கமானது ஏதாவது காதுல சொல்லுங்க. தினமும் கேக்கற பாட்டு, தினமும் சொல்ற வார்த்தை, எதுவானாலும் சரி. சில பேருக்கு அது உள்ள போகும்” என்றாள் நர்ஸ் ஜின்சி.

என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிற வார்த்தை ஒன்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு காலைகூடத் தவறாமல் சொல்லி வந்தது. அது என்ன வார்த்தை என்று மட்டும் எனக்குத் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தலையை மொட்டையடித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய். ஆஸ்பத்திரிச் சட்டையில் யாரோ ஒருவர்போல இருந்தார். நான் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஏசி குளிரில் சில்லிட்டுக் கிடந்தது. போர்வையை இழுத்துவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம் காலையில் குளியலறையில் விழுந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், நன்றாக முடிந்தது என்றும் சொன்னார்கள். ஆனால் மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் அவர் விழிக்கவில்லை. டாக்டர் தினமும் வந்து, “ஐயா, கண்ணைத் திறங்க. என் கையை அழுத்துங்க பார்க்கலாம்” என்று சத்தமாகச் சொல்வார். இவர் கை டாக்டரின் கைக்குள் பிழிந்த துணி மாதிரி கிடக்கும். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவர் திரும்பாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயம்.

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர், முன்கோபி, அவரைக் கிண்டல் செய்தே பாதி அத்தியாயங்களை ஓட்டிவிட்டேன். இந்த வாரம் கிண்டலுக்குக் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது.

அன்னூரில் கிடைத்தது

அவர் கைக்கு ஜபமாலை வந்ததே ரத்தக்கொதிப்பால்தான். பட்டறையில் ஒருநாள் கத்திய கத்தலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், தியானம் ஏதாவது செய்து பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். சும்மா கண்ணை மூடி உட்காருவது இவருக்கு ஆகுமா? கண்ணை மூடினால் எந்த மோட்டாரை எவன் எப்போது கேட்டான் என்பதுதான் வருகிறது என்று எழுந்து வந்துவிடுவார்.

பட்டறைக்கு அடுத்தாற்போல் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நடராஜ்தான் வழி சொன்னார். “கையில ஒரு மாலை இருந்தா மனசு அதைப் புடிச்சுக்கும்ணா. எங்கூட அன்னூருக்கு வாங்க.”

அன்னூரில் தோட்டத்து வீட்டில் இருந்த அந்தப் பெரியவர் சாமியாரெல்லாம் இல்லை. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். காவி கிடையாது, மடம் கிடையாது, உண்டியல் கிடையாது. வருகிறவரைச் சில வாரம் சும்மா உட்காரவைத்துப் பார்ப்பாராம். பிறகு ஒருநாள் தனியாகக் கூட்டிப்போய்க் காதில் ஒரு மந்திரத்தைச் சொல்வாராம். ஆளுக்கு ஒன்று. ஒருவருடையது இன்னொருவருக்குக் கிடையாது. அதை வெளியே சொல்லக் கூடாது, ஜபிக்கும்போது உதடுகூட அசையக் கூடாது, பெண்டாட்டியிடமும் மூச்சு விடக் கூடாது. அவ்வளவுதான் அவர் போட்ட கட்டளை.

என்னிடம் ஒரு விஷயத்தையும் மறைக்கத் தெரியாத மனிதர் இதை மறைத்தார் பாருங்கள், எனக்குப் பொறுக்கவில்லை. “முருகனுங்களா, சிவனுங்களா? மொத எழுத்தையாவது சொல்லுங்க” என்று நச்சரிப்பேன்.

“சொன்னா அதுக்குச் சக்தி போயிரும் சரசு. உடு.”

“அப்பிடி என்னங்க, எனக்குத் தெரியக் கூடாத ரகசியம்?”

“உடுன்னா உடு.”

காலையில் குளித்ததும் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்காருவார். ருத்ராட்ச மாலையை நடுவிரல்மேல் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தன் பக்கம் தள்ளுவார். ஆள்காட்டி விரல் மாலையில் படாமல் ஒதுங்கி நிற்க வேண்டும், அது அகங்காரத்தின் விரலாம். அந்த விரலை நீட்டாமல் இவருக்குப் பேசவே வராது. காலையில் கொஞ்ச நேரமாவது அது சும்மா இருந்ததில் பட்டறையில் வேலை பார்த்தவர்களைவிட எனக்குத்தான் நிம்மதி. கோபமும் கொஞ்சம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஹாலில் கேட்ட ஜெபம்

பார்வை நேரம் முடிந்து வெளியே ஹாலுக்கு வந்ததும் நடராஜுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் என் மகள் கவிதா உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் இருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தவள், அன்றிலிருந்து என்னோடேயே இருந்தாள்.

“நடராஜ், எந்தம்பியாட்ட நெனச்சுக் கேக்கறனுங்க. அவருக்கு அன்னூர்ல என்ன மந்திரம் குடுத்தாங்க?”

“அக்கா, சத்தியமாத் தெரியாதுங்க. தனியாக் கூட்டிப்போயித்தான் சொல்லுவாருங்க. என்னோடது எனக்கு, அண்ணனோடது அண்ணனுக்கு.”

“அந்தப் பெரியவரு ஊட்டுல யாருக்காச்சும் தெரியுமுங்களா?”

“அவரு தவறி ரெண்டு வருசமாச்சேங்க்கா. அவரோடயே போச்சுங்க அதெல்லாம்.”

“அப்படின்னா உங்களோடதைச் சொல்லுங்க. அதையாவது அவரு காதுல சொல்லிப் பாக்கறேன்.”

நடராஜ் மூச்சு வாங்குவது போனில் கேட்டது. “அக்கா, கேக்காதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன். நாஞ்சொல்லிப்போட்டு, நாளைக்கு எங்க ஊட்டுல ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா...”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதே பயம்தான் பயந்திருப்பேன். நான் படித்தவள்தான், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். அதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் உதவவில்லை. எனக்குத் தெரிந்த மந்திரங்களை எல்லாம் அவர் காதில் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தப்பான மந்திரத்தைச் சொல்லி அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அதையும் விட்டுவிட்டேன்.

எனக்கு எதிர் நாற்காலியில் ரோசியம்மா என்று ஒருவர் இருந்தார். இதே ஊரில் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரரும் உள்ளேதான், இரண்டு கட்டில் தள்ளி. ரோசியம்மா கையில் நீல மணி ஜெபமாலை இருக்கும். “அருள் நிறைந்த மரியே” என்று பாதி வாய்விட்டும் பாதி முணுமுணுப்புமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் யாராவது பேசினால் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

நான் போனில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்களோடது ஊருக்கே தெரிஞ்சதுங்க. நான் பாதியில உட்டாக்கூட எம்மக மிச்சத்தைச் சொல்லிருவா” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் மிச்சத்தைச் சொல்ல யாரும் இல்லை.

“அவருக்குக் கையில ஒண்ணு குடுத்து வெச்சிருக்கறனுங்க. சிஸ்டர் ஒண்ணுஞ் சொல்றதில்லை. உங்க ஊட்டு மாலையையும் கொண்டாந்து குடுத்துப் பாருங்களேன்” என்றார் ரோசியம்மா.

நகர்ந்தது ஒரு மணி

மறுநாள் காலையில் வீட்டுக்குப் போய் மாலையை எடுத்தேன். அத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. பிறர் கை படக் கூடாது என்று அதை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு வைத்திருப்பார், அலமாரி துடைக்கும்போதுகூட அந்தப் பையை நகர்த்தாமல் சுற்றித்தான் துடைப்பேன். பைக்குள் கையை விட்டேன். மணிகள் எண்ணெய் ஏறி வழவழவென்று இருந்தன. அவர் கை வாசனை அடித்தது.

ஜின்சி அதை மருந்து நனைத்த துணியால் மணி மணியாகத் துடைத்தாள். “டாக்டர் வேண்டாம்னு சொன்னா எடுத்திடணும், கேட்டோம்மா?” என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

வலது கையைத் தூக்கி நடுவிரலில் மாலையைப் போட்டேன். கட்டைவிரலை எடுத்து ஒரு மணியின்மேல் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கவிதா அந்தப் பக்கம் நின்று, “அப்பா, மாலைங்கப்பா. உங்க மாலை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

அப்போது கட்டைவிரல் அசைந்தது. மணி ஒன்று அவர் பக்கமாக நகர்ந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

நான் போட்ட சத்தத்தில் ஜின்சி ஓடி வந்தாள், டாக்டரும் வந்தார். நின்று பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“அம்மா, உங்க நம்பிக்கையைக் கெடுக்கணும்னு சொல்லலை. வருஷக்கணக்கா பழகின விரல் தானாவும் அசையும். தூக்கத்துல நாம கையை ஆட்டற மாதிரி. அவர் யோசிச்சு ஒண்ணைச் செஞ்சாத்தான் எனக்கு அது கணக்கு. வையுங்க, பரவாயில்லை. ஆனா இதை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க.”

மேரு வருகிறது

திரும்பக் கட்டிலருகே வந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தானாக அசைகிறதா, அவர் அசைக்கிறாரா? உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா? அதை யாரிடம் கேட்பது?

அப்போதுதான் மாலையின் அடியில் குஞ்சம் கட்டிய பெரிய மணி என் கண்ணில் பட்டது. அதை மேரு என்பார்கள். மற்ற மணிகளைத் தள்ளலாம், மேருவைத் தள்ளக் கூடாது, தாண்டக் கூடாது. அங்கே வந்ததும் நின்று, மாலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த இடம் வந்ததும் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அடுப்படியில் இருந்து எத்தனையோ காலை அதைப் பார்த்திருக்கிறேன்.

விரல் வெறும் பழக்கத்தில் ஓடினால் மேருவும் அதற்கு ஒரு மணிதான், தள்ளிக்கொண்டு போய்விடும். அவர் உள்ளே இருந்தால் நிற்பார்.

இந்த யோசனை வந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. இன்னும் சில மணிகள் போனால் தெரிந்துவிடும். ஒரு மணி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மேரு விரலுக்கு மிகப் பக்கத்தில் வந்தபோது, சட்டென்று மாலையை அவர் கையிலிருந்து உருவிவிட்டேன்.

“ஏம்மா எடுத்தீங்க? நல்லாத்தானே தள்ளிக்கிட்டு இருந்தாரு” என்றாள் கவிதா.

“நேரமாயிருச்சு கண்ணு. சிஸ்டர் வைவாங்க” என்றேன்.

மத்தியானம் முழுவதும் ஹாலில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவிதா வாங்கி வந்த தயிர்சாதம் இறங்கவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ரோசியம்மா சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் நாற்காலிக்கு அடியில் எப்போதும் இருக்கும் அவருடைய பையும் பிளாஸ்க்கும் இல்லை. அந்தப் பக்கமாகப் போன சிஸ்டரிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன். என்ன பதில் வந்தாலும் தாங்கும் நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் கதவு திறந்ததும் நான் மட்டும் உள்ளே போனேன். மேருவுக்கு இந்தப் பக்கம் நாலைந்து மணி மட்டும் விட்டு மாலையைப் போட்டேன். இனிமேல் எடுக்க மாட்டேன் என்று இடது கையால் என் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

விரல் நகர ஆரம்பித்தது. நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. மாதாவையும் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

கட்டைவிரல் மேருவின்மேல் வந்தது. நின்றது. மணியை அழுத்தியது. தள்ளப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் விரல் அங்கேயே இருந்தது, அந்தப் பெரிய மணியைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. பிறகு மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. பாதிதான் திரும்ப முடிந்தது. மாலை விரலிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தது.

அதை எடுத்துத் திருப்பிப் போட்டேன். விரல் வந்த வழியே ஒரு மணியைத் தள்ளியது.

நான் கூப்பிடாமலே ஜின்சி டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். மேருவைப் பற்றி உளறிக்கொட்டிச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் விரல் மேருவில் வந்து நின்றது. டாக்டர் குனிந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை, அங்கேயே என் பக்கம் திரும்பினார்.

“ஆள் உள்ளேதாம்மா இருக்காரு” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு

கண் விழிக்க அதன் பிறகும் சில நாளாயிற்று. வீட்டுக்கு வர இன்னும் பல நாள். நடை வந்துவிட்டது. வார்த்தைகளில்தான் ஓட்டை விழுந்திருந்தது. டம்ளரைத் தட்டு என்பார். பேரனின் பெயர் வராமல் தலையைத் தட்டிக்கொள்வார். போனது திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் அவராகவே குளித்துவிட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகையாக வந்தது. மாலையை எடுத்து நடுவிரலில் போட்டார். கட்டைவிரலை முதல் மணியின்மேல் வைத்தார். அப்படியே இருந்தார். வெகுநேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சரசு, நான் என்ன சொல்லீட்டிருந்தேன்?”

“எப்பங்க?”

“இதை வெச்சுக்கிட்டு. இத்தனை வருசமா. என்ன சொல்லீட்டிருந்தேன்?”

“எனக்குத் தெரியாதுங்களே. நீங்க சொன்னதே இல்லையே.”

“உனக்குக்கூடவா சொல்லலை?”

மறைத்ததையே மறந்துவிட்டிருந்தார். அந்த முகத்தில் நான் கோபத்தைப் பார்த்திருக்கிறேன், சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், பயத்தைப் பார்த்தது அன்றுதான். வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி விழித்தார். நான் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நடராஜ் வந்து பார்த்தார். “வேற ஒருத்தர்கிட்டப் புதுசா வாங்கிக்கலாமுங்கண்ணா” என்றார். இவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அதன் பிறகும் காலையில் தவறாமல் உட்காருவார். மாலை கையில் இருக்கும், விரல் நகராது.

அப்படியே நாட்கள் போயின. ஒருநாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, “சரசு” என்று கூப்பிட்டார். “வாரேனுங்க” என்று கரண்டியோடு ஓடினேன். அவர் கண் மூடியிருந்தது. விரல் ஒரு மணியைத் தள்ளியது. “சரசு” என்றார். அடுத்த மணி. “சரசு.” மேரு வந்தது, மாலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடியும் “சரசு.”

எழுந்ததும் கேட்டேன், “என்னங்க இது?”

“அது ஒண்ணுதான் மறக்காம இருக்குது” என்றார்.

கவிதாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். சாமிக்கே போட்டியாக வந்துவிட்டேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழுதாள். எனக்கும் சில நாள் கால் தரையில் படவில்லை. அவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, “நடுவுல நடுவுல வராத! எனக்கு மணி தப்புது!” என்று கத்தினார். பழைய கத்தல். கேட்கச் சுகமாக இருந்தது.

அதிலிருந்து போவதில்லை. அடுப்படியிலேயே இருக்கிறேன். தினமும் காலையில் என் பெயர் வந்துகொண்டே இருக்கிறது, நான் பதில் சொல்லாமல் வேலையைப் பார்க்கிறேன்.

பயம் இப்போது வேறு விதமாக வந்திருக்கிறது. மறுபடியும் அவருக்கு ஏதாவது ஆனால் என்னைத்தான் கூப்பிடுவார். இதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அது ஜபமா, கூப்பாடா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு “சரசு”வுக்கும் அடுப்பைக் குறைத்துவிட்டு, அடுத்த “சரசு” வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.